‘காணவில்லை’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன்

என் ஸ்கூட்டர் திருட்டுப் போனது 2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். அது திரும்ப என் வாசலுக்கு வந்தது 2025 மார்ச் கடைசியில். நடுவில் இருந்த ஆறரை மாதத்தில் வண்டியைத் தேடி அலைந்ததைவிட ஒரு காகிதத்தைத் தேடி அலைந்ததுதான் அதிகம். அந்தக் காகிதம் எஃப்.ஐ.ஆர்., போலீஸ் வழக்குப் பதிவு செய்கிற முதல் தகவல் அறிக்கை. அது என் கைக்கு வர 50 நாள் ஆனது. அந்த 50 நாளில் திருட்டுக் கொடுத்தவள் என்ற இடத்திலிருந்து திருட்டுக்கு உடந்தையோ என்று சந்தேகிக்கப்படுகிறவள் என்ற இடத்துக்கு நான் வந்து சேர்ந்திருந்தேன். இதையெல்லாம் முன்கூட்டி யாராவது சொல்லியிருந்தால் முதல் நாளே வேறு மாதிரி நடந்திருப்பேன்.

நான் மதுரையில் ஒரு மொத்த மருந்துக் கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். வீடு ஊருக்கு வெளியே, ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம். கணவர் தோகாவில் டிரைவர். மகள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போக, அவளை டியூஷனில் விட, அரிசி சிப்பம் ஏற்றிவர, எல்லாவற்றுக்கும் அந்த ஸ்கூட்டர்தான். அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டு வரவேற்புக்குப் போய், மண்டபத்துக்கு வெளியே ரோட்டோரம் நிறுத்திவிட்டு உள்ளே போனோம். உள்ளே இடமில்லை என்று வாட்ச்மேன் கைகாட்டிய இடம்தான் அது. சாப்பிட்டு, மொய் எழுதி, வெளியே வர ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும். வண்டி நின்ற இடத்தில் வேறு ஒரு வண்டி நின்றது. முதலில் நான்தான் இடம் மாறி நிறுத்திவிட்டேனோ என்று அந்த வரிசையை மூன்று முறை நடந்து பார்த்தேன். வண்டி தொலைத்த எல்லோரும் இதைத்தான் செய்வார்கள் போலிருக்கிறது.

அங்கேயே ஒரு தப்பு செய்தேன். 100க்கோ 112க்கோ போன் செய்யவில்லை. ‘பக்கத்தில்தானே ஸ்டேஷன், நேரில் போய்ச் சொல்லிவிடலாம்’ என்று ஆட்டோ பிடித்தேன். அந்த எண்ணுக்குப் போன் செய்திருந்தால் எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எதற்காகக் கூப்பிட்டேன் என்பது கட்டுப்பாட்டு அறையில் பதிவாகியிருக்கும். அதை யாரும் பிறகு ‘நீங்க வரவே இல்லையே’ என்று சொல்ல முடியாது. நேரில் போய் வாயால் சொன்னதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. போனில் கூப்பிட்டுவிட்டு அப்புறம் நேரில் போங்கள். இரண்டு நிமிட வேலை.

முதலில் போன ஸ்டேஷனில் பாரா டூட்டியில் ஒரு பையன் மட்டும் இருந்தான். எல்லோரும் பிள்ளையார் ஊர்வலப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்த ஏட்டு, மண்டபத்தின் பெயரைக் கேட்டதும், “அது எங்க லிமிட் இல்லம்மா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரூரல்” என்றார். மதுரையில் மாநகரத்துக்குக் கமிஷனர், மாவட்டத்துக்கு எஸ்.பி. என்று இரண்டு தனி நிர்வாகம். அந்த ரோடுதான் எல்லையாம். சரி என்று மகளையும் கூட்டிக்கொண்டு இராத்திரி ஒன்பதரைக்கு அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். அவர்கள், “மண்டபம் எங்களுது, ரோடு சிட்டியோடது. வண்டி எங்க நின்னுச்சு, ரோட்லயா மண்டபத்துலயா?” என்றார்கள். ரோட்டில். “அப்ப அங்கதான் போகணும்.” பட்டுப் பாவாடை தாவணியில் என் மகள் அந்தப் பெஞ்சில் தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். நான் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த ‘லிமிட்’ பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பது எனக்கு ஒன்றரை மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பி.என்.எஸ்.எஸ். என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது. அதன் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்று எழுத்திலேயே சொல்கிறது. வாங்கிப் பதிவு செய்து, சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அவர்கள்தான் அனுப்ப வேண்டும். இதற்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர். ஆன்லைனில் அனுப்பினாலும் செல்லும், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு இந்த இரண்டு வரி தெரிந்திருந்தால் என் மகள் பத்து மணிக்காவது படுத்திருப்பாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வேலைக்கு லீவு போட்டு மாறி மாறி நடந்தேன். புதன்கிழமை மாவட்ட ஸ்டேஷன் ரைட்டர் இரக்கப்பட்டு, “சரி, எழுதிக் குடுங்க, ஒரு சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன்” என்றார். பேப்பர் இல்லை, வாங்கி வரச் சொன்னார்கள். ஒரு தாள்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு கட்டு. ஏ4 கட்டு 280 ரூபாய். அப்புறம் டீ செலவுக்கு 500. கொடுத்தேன். கேட்டதால்தான் கொடுத்தேன் என்று சொல்லலாம், ஆனால் உண்மையில் கேட்பதற்கு முன்பே பர்ஸைத் திறந்து வைத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அந்தப் புகாரின் வாசகத்தில் நடந்தது. நான் எழுத உட்கார்ந்ததும் ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். “மண்டபத்திற்கு வெளியே நிறுத்தியிருந்த எனது இருசக்கர வாகனத்தைக் காணவில்லை. கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” அழகான தமிழ், கோர்வையாகச் சொன்னார், நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதினேன். ‘திருடப்பட்டது’ என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. காணவில்லை என்றால் குற்றம் இல்லை. குற்றம் இல்லை என்றால் வழக்கு இல்லை. ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துபோனது. கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்ததும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி, தோகாவுக்கு வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினேன். அவரும் கைகூப்புகிற பொம்மை அனுப்பினார்.

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டும்தான். அதை வைத்து யாரும் புலனாய்வு செய்ய மாட்டார்கள், கோர்ட்டுக்கும் போகாது. அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் என்னைக் காப்பாற்றியதில் பாதி அந்த ரசீதில் இருந்த தேதிதான். ஆனால் அதோடு நிற்காதீர்கள். புகாரை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். ‘திருடப்பட்டது’, ‘வழக்குப் பதிவு செய்து நடவடிக்கை எடுக்கவும்’ என்ற இரண்டும் அதில் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் சீல், தேதி, வாங்கியவர் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவது மட்டும் வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தபோதுதான் முதல் அடி. “எஃப்.ஐ.ஆர். காப்பி, ரெண்டு சாவி, ஆர்.சி., அப்புறம் வண்டியக் கண்டுபிடிக்க முடியலன்னு போலீஸ் குடுக்குற ‘நான்-டிரேசபிள்’ சர்டிபிகேட் வேணும் மேடம். சி.எஸ்.ஆர். எடுக்க மாட்டோம்.” ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டால், “பத்து நாள் பாப்போம்மா, அதுவா கிடைச்சாலும் கிடைக்கும்” என்றார்கள். அதுவா எப்படிக் கிடைக்கும்? மாடா, சாயங்காலம் வீடு திரும்ப?

ஏன் எஃப்.ஐ.ஆர். போட இவ்வளவு தயக்கம் என்பதை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஏட்டையா ஒருவர்தான் விளக்கினார். முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். “எஃப்.ஐ.ஆர். போட்டா அது கணக்கு, தாயி. மாசா மாசம் ரிவ்யூ மீட்டிங்ல எத்தனை கேஸ், எத்தனை கண்டுபிடிச்சேன்னு நிக்க வச்சுக் கேப்பாங்க. வண்டித் திருட்டு லேசுல டிடெக்ட் ஆகாது. கண்டுபிடிக்காத கேஸ் ஸ்டேஷனுக்குக் கரும்புள்ளி. போடாத கேஸுக்கு யாரும் கேக்க மாட்டான்.” நாட்டில் எவ்வளவு குற்றம் நடந்தது என்று வருடா வருடம் வருகிற கணக்கே பதிவான வழக்குகளை எண்ணித்தான் வருகிறது. பதியாமல் விட்டால் குற்றமே குறைந்த மாதிரி இருக்கும். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஊர் வழக்கத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. நான் அதுவரை அந்த ரைட்டருக்கு என் மேல் இரக்கம் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 23-ஆம் தேதி மத்தியானம் போனுக்கு ஒரு மெசேஜ். என் வண்டிக்கு இ-சலான். ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதம். லிங்கைத் திறந்தால் போட்டோ. என் ஸ்கூட்டர். முன்னால் ஒரு பையன், பின்னால் ஒரு பையன், இரண்டு பேருக்கும் இருபது வயதுகூட இருக்காது. என் மகள் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர்கூட அப்படியே தெரிகிறது. இடம், நேரம், தேதி எல்லாம் அதிலேயே இருந்தது. பக்கத்து மாவட்டத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டு ரோடு. சந்தோஷத்தில் கை நடுங்கியது. கடையில் சொல்லிவிட்டு, பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன். ரைட்டர் படத்தை நன்றாகப் பார்த்தார். “பரவால்லயே, வண்டி ஓடிட்டுத்தான் இருக்கு” என்றார். அவ்வளவுதான். அந்தப் பிரிண்டை என் மனுவோடு பின் அடித்து வைத்தார். அன்றைக்கு அங்கே ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது. ஒரு அம்மாவின் தாலிக்கொடியும் போயிருக்காது.

அக்டோபர் 17, வியாழக்கிழமை, இராத்திரி ஒன்பதரை. கதவைத் தட்டியது இரண்டு ஆண்கள், சாதா உடுப்பு. வேறு மாவட்டத்திலிருந்து வருகிறோம், குற்றப் பிரிவு தனிப்படை என்றார்கள். என் பெயர், வண்டி எண் சொல்லி, “இந்த வண்டி உங்களுதா?” ஆமாம், திருட்டுப் போய்விட்டது. “யாருகிட்ட குடுத்தீங்க?” யாரிடமும் கொடுக்கவில்லை சார், திருட்டுப் போய்விட்டது. நான்கு நாளுக்கு முன் அந்த வண்டியில் வந்த இரண்டு பேர் ஒரு பெண்ணின் செயினைப் பறித்துவிட்டார்கள். தெருக் கேமராவில் நம்பர் விழுந்திருக்கிறது. நான் சி.எஸ்.ஆர். ரசீதைக் காட்டினேன். ஒருவர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “காணவில்லைன்னுதானே எழுதியிருக்கீங்க? திருட்டுன்னா எஃப்.ஐ.ஆர். எங்க?”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தம்பி என்ன செய்கிறான், கணவர் நிஜமாகவே வெளிநாட்டில்தான் இருக்கிறாரா, கடைசியாக எப்போது பேசினேன், போனைக் காட்டுங்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “கிளம்புங்க, ஸ்டேஷன்ல வந்து பேசுவோம்” என்றபோது என் மகள்தான் பின்பக்கமாக ஓடி ஏட்டையாவைக் கூட்டி வந்தாள். அவர் லுங்கியோடு வந்து, இராத்திரியில் பொம்பளப் பிள்ளையை எந்தச் சட்டத்தில் கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்டார். அதட்டவில்லை, தன் பழைய ஸ்டேஷன் பெயரையும் நம்பரையும் சொல்லித்தான் கேட்டார். குரல் இறங்கியது. “காலைல பத்து மணிக்கு வந்துருங்க.” கதவைச் சாத்தியதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. வண்டி போனதற்கு அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள்.

மறுநாள் போனேன். போகத் தேவையே இல்லை என்பது இப்போது தெரியும். பி.என்.எஸ்.எஸ். 179-ஆம் பிரிவு, சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்களை அவர்கள் வீட்டைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்லக் கூடாது என்கிறது. 60 வயது தாண்டியவர்கள், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், உடம்பு முடியாதவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. சந்தேகப்படுகிறவர் என்றால், சாதாரணமாக 35-ஆம் பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்வதென்றால் மாஜிஸ்திரேட் அனுமதியும் பெண் போலீசும் வேண்டும். ‘என்னைச் சாட்சியாகக் கூப்பிடுகிறீர்களா, வேறு மாதிரியா, எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், ஏட்டையா கூட வந்தார், ஆனால் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

உள்ளே ஆறு மணி நேரம். யாரும் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். போனை மட்டும் வாங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு, உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். மேலே ஒரு கேமரா. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாத்தான்குளம் நடந்தது 2020 ஜூனில். கடையை மூட நேரமானது என்று கூட்டிப் போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் திரும்பி வரவே இல்லை. அந்த ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி அமைத்து வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்தின் எங்கள் மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். பேப்பரில் படித்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது இது மட்டும்தான் மண்டையில் ஓடுகிறது. எதிரில் இருக்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் நல்லவரா இல்லையா என்பதை நம்பித்தான் நான் அங்கே உட்கார வேண்டியிருக்கிறது, அதுதான் கஷ்டம். அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ரேவதி என்ற பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னதும் நினைவில் இருந்தது. அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணி வாக்கில் ஒருவர் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். பாதி எழுதியிருந்தது, பாதி வெள்ளை. பஸ்ஸில் ஏட்டையா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: “என்ன கேட்டாலும் உள்ளதச் சொல்லு. கையெழுத்து மட்டும் போட்றாத தாயி.” விசாரணையில் போலீசிடம் சொல்கிற வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது என்பதே சட்டம், 181-ஆம் பிரிவு. புகார் வேறு, அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் சட்டம் பேசவில்லை, “கண்ணாடி எடுத்துட்டு வரல சார், படிக்காம போட மாட்டேன்” என்றேன். அவர் முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் வந்த பெண் எஸ்.ஐ. ஒருவர்தான் என்னை முதலில் மனுஷியாகப் பார்த்தவர். சி.எஸ்.ஆரையும் சலான் பிரிண்டையும் வரிசையாக வைத்துத் தேதி பார்த்தார். செப்டம்பர் 11 ரசீது, 23 சலான், அக்டோபர் 13 பறிப்பு. “நீங்க முன்னாடியே சொல்லியிருக்கீங்க, அது தெரியுது. ஆனா உங்க ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். போட வைங்க மேடம். இல்லைன்னா இந்தக் கேஸ் முடியுற வரைக்கும் உங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க.” டீ வாங்கித் தந்தார். போனையும் எடுத்துக் கொடுத்தார். வெளியே வரும்போது ஏட்டையா வேப்பமரத்தடியில் பேப்பரை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் எஸ்.பி.க்கு மனு எழுதினேன். புகாரை ஸ்டேஷனில் பதிய மறுத்தால் அதை எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம் என்பது 173(4). மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகம். அதற்கும் பதில் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போடலாம், அவர் வழக்குப் பதிந்து விசாரிக்க உத்தரவிடலாம். இந்தப் படிகளை வரிசையாக ஏற வேண்டும், நேராகக் கோர்ட்டுக்குப் போனால் எஸ்.பி.க்கு எழுதினீர்களா என்று கேட்பார்கள். அதனால் அந்தத் தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும் பொன் மாதிரி. மனுவில் நான் புலம்பவில்லை. ஏட்டையா என் முதல் மூன்று பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு பக்கமாக எழுத வைத்தார். தேதி, யாரிடம் கொடுத்தேன், சி.எஸ்.ஆர். எண், சலான், செயின் பறிப்பு, அவ்வளவுதான். கடைசியில் லலிதா குமாரி வழக்கு ஒரு வரி. 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாரன்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கப் புதுச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதையும் 14 நாளில் முடிக்க வேண்டும். எனக்கு அதற்குள் 41 நாள் ஆகியிருந்தது.

தபால் அனுப்பியது போதாது என்று புதன்கிழமை மனுநாளில் நேரிலும் போய்க் கொடுத்து, எண் போட்ட ரசீது வாங்கினேன். அங்கே வரிசையில் நின்ற எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் ஒரு சி.எஸ்.ஆர்.

ஐந்தாம் நாள், அக்டோபர் 28, தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, அதே ஸ்டேஷனிலிருந்து அதே ரைட்டர் போன். “மேடம், எஃப்.ஐ.ஆர். போடுறோம், வாங்க.” அந்த மேடம் புதுசு, அதுவரைக்கும் ஏம்மா. போனால் கடைசிப் பொறி ஒன்று காத்திருந்தது. புதிதாக ஒரு புகார் எழுதித் தரச் சொன்னார்கள், அன்றைய தேதி போட்டு. எழுதியிருந்தால் 50 நாள் கழித்து நான்தான் தாமதமாக வந்து சொன்னதாக ஆகியிருக்கும். இன்ஷூரன்ஸும் நிராகரிக்கும், அந்தச் செயின் வழக்கிலும் ‘பறிப்பு நடந்த பிறகு ஜோடித்த புகார்’ என்பார்கள். நான் எழுத மறுக்கவில்லை. ஆனால் ‘08.09.2024 அன்று நேரில் தெரிவித்தும், 11.09.2024 அன்று இந்த எண் சி.எஸ்.ஆர். பெற்றும்’ என்று முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் ஒரு நிமிஷம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார், அப்புறம் வாங்கிக்கொண்டார். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். அந்த நகலை வைத்துத்தான் அபராத சலானையும் ரத்து செய்ய வைத்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அதையெல்லாம் முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

2025 ஜனவரியில் அந்தப் பையன்கள் வேறு ஒரு வழக்கில் பிடிபட்டார்கள். வண்டியும் கிடைத்தது. அந்த ஊர் ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். ஐம்பது அறுபது வண்டி, பாதிக்கு மேல் துருப்பிடித்து, சிலதன் மேல் கொடி படர்ந்து. நடுவில் என் மஞ்சள் ஸ்டிக்கர். எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று சாவியோடு போயிருந்தேன், எவ்வளவு வெகுளி பாருங்கள். அது கேஸ் ப்ராப்பர்ட்டி. கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும், பழைய சட்டத்தில் 451-ஆம் பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 497. வண்டிகளை இப்படி வெயிலில் மழையில் மக்கவிடாமல் சீக்கிரம் உரியவரிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லியிருக்கிறது என்று வக்கீல் சொன்னார். அந்த வரிசையைப் பார்த்தால் யாருக்கும் அது எட்டின மாதிரி தெரியவில்லை. வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கேட்டபோது கொண்டு வர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு மார்ச்சில் கொடுத்தார்கள்.

செலவுக் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். வக்கீல் 7,000. வண்டி ரிப்பேர் 8,650. ஆறரை மாத ஷேர் ஆட்டோ, தோராயமாக 9,000. பதினொரு நாள் சம்பளப் பிடித்தம் 5,720. அந்த ஊருக்கு நான்கு முறை போய்வர 1,900. ஜெராக்ஸ், தபால், ஸ்டாம்பு 850. பேப்பர் கட்டும் டீயும் 780. மொத்தம் 33,900 ரூபாய். வண்டிக்கு இன்ஷூரன்ஸில் போட்டிருந்த மதிப்பே 46,000தான்.

கோபம் அடங்காமல் ஒரு ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமை மனு, போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு. செப்டம்பர் 8 முதல் 11 வரை ஸ்டேஷன் கேமராப் பதிவு வேண்டும் என்றும், என் மனு மீது என்ன நடவடிக்கை என்றும். கேமராப் பதிவைப் பதினெட்டு மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 30 நாளில் வர வேண்டிய பதில் 34-ஆம் நாள் வந்தது. பதிவு சேமிப்பில் இல்லை. என் மனு மீது, ‘சம்பந்தப்பட்டவருக்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டது.’ அறிவுரை! மேலே போகலாமா என்று பார்த்தேன். போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், தலைமையில் ஓய்வு பெற்ற நீதிபதி இருக்க வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலத்தில் 2013-இல் சட்டம் போட்டு, தலைமையில் உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்தில் கலெக்டரையும் உட்கார வைத்தார்கள். போலீசை நடத்துகிற துறையே போலீஸ் மீதான புகாரைக் கேட்கும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம், கட்டணம் இல்லை, ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. களைத்துப்போயிருந்தேன், அதுதான் உண்மை. 2025 ஜூனில் மடப்புரத்தில் அஜித்குமார் என்ற கோயில் காவலாளி, ஒரு நகை காணாமல் போன புகாரில் விசாரணைக்குக் கூட்டிப் போய் அடித்துக் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. கூட்டிப் போனது தனிப்படை, சாதா உடுப்பு. அன்றைக்கு இராத்திரி என் வாசலில் நின்ற இரண்டு பேரின் செருப்பு ஞாபகம் வந்தது.

போன மாதம் பஸ்ஸில் மகளின் போனை யாரோ அடித்துவிட்டார்கள். இறங்கினவுடனே 112க்குப் போன் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து புகாரை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு அதே ஸ்டேஷனுக்குப் போனேன். அதே ரைட்டர்தான். “நீங்க அந்த ஸ்கூட்டி மேடம்தானே?” என்று நாற்காலி இழுத்துப் போட்டார். புகாரைப் படித்தார், ‘திருடப்பட்டது’ என்ற இடத்தில் கண் நின்றதைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. இருபது நிமிஷத்தில் என் பிரதியில் சீல். பக்கத்தில் சுவரோரம் வயசான அம்மா ஒருத்தர் காலையிலிருந்து நிற்கிறாராம். அவருக்கு நாற்காலி இல்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தார். “என்னம்மா எழுதியிருக்கீங்க?” என்று வாங்கிப் பார்த்தேன். ‘எனது இரண்டு ஆடுகளைக் காணவில்லை’ என்று இருந்தது. “யாரு எழுதித் தந்தா?” என்றேன். அவர் ரைட்டர் பக்கம் கையைக் காட்டினார். என் பையில் இன்னும் இரண்டு வெள்ளைத் தாள் இருந்தது. வெளியே திண்ணையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம்.